பாதையை விட மறுத்த கோர்

அறுபத்தெட்டு வயது நிரம்பிய நான், ஒரு புதன்கிழமை முற்பகல், வல்லம் வடகால் தொழிற்பேட்டையின் தகரக்கூரை ஷெட் ஒன்றில், நெற்றியில் திருமண்ணும் காலில் பாதுகாப்புக் காலணியுமாகக் கைகொட்டி ஆடினேன். சாட்சிகள் இருவர். அவர்களில் ஒருவர் கைப்பேசியில் படமும் எடுத்துவிட்டார். மறுக்க வழியில்லாததால், நானே முறையாக எழுதிவிடுவது நல்லது என்று தோன்றுகிறது.

ஆடியதற்குக் காரணம் கட்டை விரல் நகத்தைவிடச் சற்றே பெரிய ஒரு சிப். அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கடையில் வாங்கும்போது அது எதுவாகவும் இருப்பதில்லை. நாம் கணினியில் எழுதித் தரும் விவரத்தைப் படித்து, தன்னுள்ளே மின்சுற்றுகளை அமைத்துக்கொள்கிறது. இன்றைக்குக் கேமராவைப் படிக்கும் சுற்று. அழித்து எழுதினால் நாளைக்கு மோட்டாரை ஓட்டும் சுற்று. வேண்டிய வடிவை வேண்டிய பொழுதில் எடுத்துக்கொள்ளும் ஒருவனைப் பற்றி நாள்தோறும் விடியற்காலையில் பாடுகிறவன் நான். ஆகவே கேள்விப்பட்ட அன்றே எனக்கு அது பழகிய செய்தியாகப்பட்டது. அப்படி உள்ளே அமையும் ஒவ்வொரு சுற்றுக்கும் கோர் என்று பெயர். ஒரே சிப்புக்குள் ஐந்தாறு கோர்கள் குடியிருக்கும். அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஒரு பொதுப்பாதை வேண்டும். தொழிலில் அதைப் பஸ் என்பார்கள். இந்த ஒரகடம் தொழிற்பேட்டை வட்டாரத்தில் பஸ் என்றால் ஷிப்ட் பஸ்தான் என்பதால் நான் பாதை என்றே எழுதுகிறேன்.

தொலைபேசி நிலையத்தில் பராமரிப்புப் பொறியாளனாக முப்பத்தைந்து ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த அழைப்பை எந்தக் கம்பியில் விடுவது என்பதே என் பிழைப்பாக இருந்தது. ஓய்வுக்கு முன்பே தொடங்கி, ஓய்வுக்குப் பிறகு எனக்கு மிஞ்சிய ஒரே கடமை, ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் பெருமாள் கோயிலின் காலைக் கோஷ்டியில் பாசுரம் சேவிப்பது. ஒருநாள் கோயில் ஒலிபெருக்கியின் ஆம்ப்ளிஃபயர் ஊமையாகிவிட, அதைத் தூக்கிக்கொண்டு இந்த ஷெட்டுக்கு வந்தேன். எலக்ட்ரானிக் போர்டு பழுது பார்ப்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

ஷெட்டின் உரிமையாளர் நாற்பதைத் தாண்டிய ஓர் அம்மையார். பக்கத்துக் கிராமத்துக்காரர். பெரிய தொழிற்சாலை ஒன்றில் பதினாறு ஆண்டுகள் உற்பத்தி லைனில் நின்று, சூப்பர்வைசராகி, அந்த வேலையை விட்டுவிட்டு இதைத் தொடங்கியவர். இந்தத் தொழிற்பேட்டை வருமுன் நான்கு பிளாட் தள்ளி அவருடைய தகப்பனாருக்கு நிலம் இருந்தது. அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் கேபிள் புதைக்கக் குழி தோண்ட வந்தவர்களிடம், எந்த மூலையில் தண்ணீர் ஊறும் என்று பார்க்காமலே சொல்லுவார்.

ஆம்ப்ளிஃபயரை வாங்கி வைத்துவிட்டு அவர் திரும்பிக்கொண்டார். மேசைமேல் ஒரு தாள் கிடந்தது. ஆறு கட்டங்கள், கட்டங்களுக்கு இடையே அம்புக்குறிகள். பழக்க தோஷம், கேட்டுவிட்டேன்: இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேச வந்தால் யாரை முதலில் விடுவீர்கள்?

அவர் என்னை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார்.

“அது தெரிஞ்சா நான் இன்னாத்துக்கு சாமி மூணு நாளா இந்தப் பேப்பரையே பாத்துக்கினு கீறேன்? உக்காருங்க.”

அன்று உட்கார்ந்தவன்தான். ஒன்றரை ஆண்டு ஆயிற்று. ஆம்ப்ளிஃபயரைக் கோயிலில் வேறு யாரோ வந்து எடுத்துப்போனார்கள்.

அவர் செய்துகொண்டிருந்தது ஒரு பரிசோதனைக் கருவி. மோட்டார் வண்டிகளுக்கான சிறு உலோக புஷ்கள், நடுவில் துளையுள்ள கட்டை விரல் அளவு வளையங்கள், கன்வேயர் பெல்ட்டில் வரிசையாக ஓடிவரும். மேலே ஒரு கேமரா ஒவ்வொன்றையும் படம் பிடிக்கும். சிப்புக்குள் ஒரு கோர் படத்தை நினைவகத்துக்குச் சுமந்து செல்லும், இன்னொன்று அளவெடுக்கும், பழுதென்று கண்டால் மூன்றாவது கோருக்குக் கட்டளை போகும், அது பக்கவாட்டிலுள்ள காற்று வால்வைத் திறக்கும். புஸ் என்று ஒரு காற்று; பழுது புஷ் பெட்டிக்குள் விழும். கேட்கும்போது குழந்தை விளையாட்டுப் போலத்தான் இருக்கிறது. பார்க்கும்போதும் அப்படியே. நான் அதன் எதிரில் மணிக்கணக்காக நின்றிருக்கிறேன்.

முதலில் அவர் ஒரு நிறுவனத்தின் சிப்பை வாங்கி, அதே நிறுவனம் தரும் இணைப்புப் பாதையைப் பயன்படுத்தியிருந்தார். திடீரென்று அந்தச் சிப் சந்தையில் கிடைக்கவில்லை. வேறு நிறுவனத்தின் சிப் கிடைத்தது; பழைய பாதை அதில் நுழையாது, பூட்டுப் போட்ட பெட்டி. அப்போதுதான் ஓபன் சோர்ஸ் பாதைகளைத் தேடிப்போனோம். உலகின் எந்தெந்த மூலையிலோ உள்ளவர்கள் எழுதி, எழுதியதை ஒளிக்காமல் திறந்து வைத்திருக்கிறார்கள். எந்த நிறுவனத்தின் சிப்பிலும் அமையும். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், திருத்தியதைத் திரும்பத் தரலாம். எழுதியவர் முகம் தெரியாது, கைம்மாறு கேட்பாருமில்லை. பாசுரங்கள் எங்களுக்கு வந்து சேர்ந்த வகையும் இதுவே என்று நான் சொல்லப்போக, அம்மையார், பாசுரத்தில் பிழை இருந்தால் திருத்த விடுவீர்களா என்று கேட்டார். பிழை இருக்காது என்றேன். அப்படியானால் இது வேறு என்றார். அந்த விவாதத்தில் நான் தோற்றதாக இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

அந்தப் பாதையின் ஒழுங்கு மூன்று கம்பிகளில் அடங்கிவிடும். பேச வரும் கோர் முதலில் ஒரு கம்பியை உயர்த்தும். ‘பாதை என் வசம்’ என்று பொருள். அடுத்ததை உயர்த்தினால் ‘இதைப் பெற்றுக்கொள்’. எதிரே உள்ள கோர் பெற்றுக்கொண்டதும் தன் கம்பியை உயர்த்தும்: ‘ஆயிற்று’. நடுவில் ஒரு நடுவர் சுற்று உண்டு. எத்தனை கோர்கள் காத்திருந்தாலும் முறைவைத்து ஒவ்வொருவராக விடும். ஆனால் பேசுகிறவர் ‘பாதை என் வசம்’ கம்பியை இறக்கினால்தான் அடுத்தவருக்கு வழி. நாகரிகம் தெரிந்த நடுவர்; பேசிக்கொண்டிருப்பவரை இடைமறிக்க மாட்டார். இதைப் படித்த நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சியை வீட்டில் யாரிடமும் விளக்க முடியவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே சிரித்தேன் என்று மனைவி சொன்னாள்.

கேமரா படத்தை நினைவகத்துக்குச் சுமக்கும் கோரை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் கேட்டு வாங்கிக்கொண்டேன் என்பதே உண்மை. ஒரு படம் என்பது பல நூறு வரிகள். வரிவரியாகச் சுமக்க வேண்டும். தொலைபேசித் துறையின் அத்தனை ஆண்டு அனுபவத்தையும் கொட்டி எழுதினேன். அப்பழுக்கற்ற கோர் என்று நினைத்தேன். இப்போதும் அதன் மற்றப் பகுதிகளைப் பற்றி அதே எண்ணம்தான்.

எங்களோடு இருந்த மூன்றாமவர் ஒரு பொறியாளர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். கேமராவும் பெல்ட்டும் அவருடைய பொறுப்பு. சிரிக்காமல் கேலி செய்வதில் தேர்ந்தவர்.

நான் ஆடிய அந்த வாரத்தின் திங்கட்கிழமை கருவி முதல்முறையாக முழுமையாக ஓடியது. பெல்ட்டை மெதுவாக விட்டோம். பழுது புஷ் வந்தது, புஸ், விழுந்தது. இன்னொன்று, புஸ், விழுந்தது. அம்மையார் தேநீர்க் கடைக்காரரையே கூப்பிட்டுக் காட்டினார். கடைக்காரர், ஊதித் தள்ளுவதற்கு இவ்வளவு பெரிய பெட்டியா என்று கேட்டுவிட்டு, தேநீருக்கு அன்று காசு வாங்காமல் போனார்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வாலாஜாபாத் சாலையில் உள்ள உதிரிபாகத் தொழிற்சாலையில் சோதனை ஓட்டம். அவர்களுடைய லைனில், அவர்களுடைய வேகத்தில் ஓட வேண்டும். ஓடினால் அவர்களுடைய ஆறு லைன்களுக்கும் எங்கள் கருவி. ஓடாவிட்டால் வெளிநாட்டுக் கருவி ஒன்று விலை பேசி முடிக்கப்பட்டுக் காத்திருந்தது. இதையெல்லாம் அம்மையார் விளக்கமாகச் சொன்னவரல்லர். திங்கள் மாலை ஷெட்டைப் பூட்டும்போது ஒரே ஒரு முறை சொன்னார்:

“வியாயக்கெயம அங்க இது ஓடலன்னா, நான் மறுபடியும் ஏப்ரன் மாட்டிக்கினு லைன்ல போயி நிக்கணும் சாமி. அதுவும் சேத்துக்கினாங்கன்னா.”

செவ்வாய்க்கிழமை காலை, பெல்ட்டைத் தொழிற்சாலை வேகத்தில் விட்டோம். பழுது புஷ் வந்தது. வால்வின் எதிரே சாவகாசமாகக் கடந்துபோயிற்று. அதற்கு அடுத்து வந்த, குற்றம் குறையற்ற, பளபளவென்ற நல்ல புஷ்ஷைப் புஸ் என்று காற்று தள்ளிவிட்டது. மறுபடி விட்டோம். மறுபடியும் கெட்டது கடந்தது, நல்லது விழுந்தது. பத்து முறையும் அப்படியே. ஒரு முறைகூடத் தவறவில்லை.

பொறியாளர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். “நல்லவனத் தட்டிவிட்டுட்டுக் கெட்டவன வாழ வைக்கே. இது அரசியலுக்குப் போவ வேண்டிய மெசினு போலுக்கே, ஐயா.”

“சிரிக்காதப்பா,” என்றார் அம்மையார். “வியாயக்கெயம அங்க இதே மாதிரி பண்ணுச்சின்னா, அடுத்து ஊதித் தள்றது என்னியத்தான்.”

காற்று தாமதமாக வருகிறது என்பது தெளிவு. ‘ஊது’ என்ற கட்டளை எங்கோ காத்துக்கிடக்கிறது. திங்கட்கிழமையும் அதே தாமதம் இருந்திருக்க வேண்டும். பெல்ட் மெதுவாகப் போனதால், காற்று வரும்வரை புஷ் வால்வின் எதிரிலேயே இருந்திருக்கிறது. எங்கே காத்துக்கிடக்கிறது என்று பார்த்தால், நடுவரிடம். வால்வுக்குப் போக வேண்டிய கட்டளை வாசலில் நிற்கிறது. நடுவர் உள்ளே விடவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. என் கோரின் மேல் ஓர் ஐயமும் எழவில்லை, நடுவர்மேல்தான் கோபம். முறைவைத்து விடுவதாகச் சொல்லிவிட்டுப் பாரபட்சம் காட்டுகிறாரே என்று பொங்கி, பாதையை எழுதி வைத்திருக்கும் அந்தக் குழுவின் இணையப் பொதுப்பலகையில் ஆங்கிலத்தில் ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். அரசாங்கப் பணியில் பழகிய ஆங்கிலம். மரியாதைக்குரிய ஐயாமார்களே என்று தொடங்கி, தங்கள் நடுவர் நடுநிலை தவறுவதைத் தக்க சான்றுகளுடன் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவர விழைகிறேன் என்று வளர்த்து, ஏழு பத்திகளில் முடித்தேன். அனுப்பும் முன் உரக்கப் படித்தும் காட்டினேன். அம்மையார் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கலெக்டருக்கு மனு எழுதினதுபோல் இருக்கிறது என்றார். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை விடியற்காலையில் நீராடிவிட்டு வந்து கைப்பேசியைப் பார்த்தேன். பதில் வந்திருந்தது. எந்தத் தேசத்தவர், ஆணா பெண்ணா, எதுவும் தெரியாது. வணக்கமில்லை, முடிவுரையில்லை. ஒரே ஒரு கேள்வி: உங்கள் கோர் எப்போதாவது பாதையை விடுகிறதா?

எனக்குச் சுருக்கென்றது. ஏழு பத்திக்கு ஒரு வரி. அதுவும் என்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் வரி. பதில் எழுதாமல் வேட்டியைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டேன்.

கோஷ்டியின் முறையை இங்கே சொல்ல வேண்டும். சந்நிதிக்கு முன்னால் இரண்டு வரிசைகளாக எதிரெதிரே உட்காருவோம். ஒரு பாசுரத்தின் முதல் இரண்டு அடிகளை எங்கள் வரிசை சேவிக்கும். அடுத்த இரண்டு அடிகளை எதிர்வரிசை. மறுபடி நாங்கள், மறுபடி அவர்கள். எங்கள் வரிசைக்கு நான் முதல் குரல். கனத்த குரல் என்று சொல்லுவார்கள், மூச்சும் நீளம். எதிர்வரிசையின் முதல் குரல் என் மனைவியின் தம்பி. எனக்கு நான்கு வயது இளையவர். ஓய்வு பெற்ற கணக்காசிரியர், மெல்லிய குரல்காரர்.

அன்று மனத்தில் கோபம் இருந்ததால் வழக்கத்தைவிட உரக்கச் சேவித்தேன். நிறைவாகச் சேவிக்கும் சாற்றுமுறையும் முடிந்தது. தீர்த்தத்துக்கு வரிசையில் நின்றோம். என் உள்ளங்கையில் அர்ச்சகர் தீர்த்தத்தை விட்ட அதே கணத்தில், பின்னாலிருந்து மைத்துனரின் குரல் வந்தது. மெல்லிய குரல்தான். ஆனால் மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

“அத்திம்பேரே, ரெண்டடி உம்மது, ரெண்டடி எங்களது. இருபது வருஷமா நாலடியையும் நீரே சொல்லிண்டு போறீர். நீர் விட்டாத்தானே நாங்க வாயைத் திறக்க முடியும்? எதிர்வரிசைன்னு எங்களை எதுக்கு உக்காத்தி வெச்சிருக்கு, உமக்கு விசிறி வீசவா?”

கையில் தீர்த்தம் இருந்தது. அதை அருந்தவும் இல்லை, கீழே விடவும் இல்லை. அப்படியே நின்றேன். வரிக்கும் வரிக்கும் இடையில் கம்பியை இறக்கி மறுபடி உயர்த்துவானேன், அடுத்த வரிதான் உடனே வரப்போகிறதே, பாதையைக் கையிலேயே வைத்துக்கொள்வோம் என்று என் கோரில் நானே எழுதியிருந்த அந்த ஓர் இடம், எழுத்து எழுத்தாகக் கண்முன் வந்தது. முதல் வரியில் உயர்த்திய கம்பியை என் கோர் படம் முழுவதும் முடியும்வரை இறக்குவதில்லை. அத்தனை நூறு வரிகள் நடக்கும்வரை ‘ஊது’ என்ற ஒற்றைச் சொல் வாசலில் நிற்கிறது. நடுவர் என்ன செய்வார், பாவம்? பேசுகிறவரை இடைமறிக்காத நாகரிகக்காரர். எங்கள் கோஷ்டியைப் போலவே.

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவே முடியவில்லை. அர்ச்சகர் சடாரியை என் தலைக்கு மேல் பிடித்தபடி, நான் சிரித்துக் குலுங்குவது நிற்கட்டும் என்று காத்திருந்தார். தீர்த்தம் பாதி முழங்கை வழியே ஓடிவிட்டது. மைத்துனர் சண்டைக்கு ஆயத்தமாக வந்தவர். நான் அவர் இரு கைகளையும் பற்றிக்கொண்டு, நீர் என் கண்ணைத் திறந்தீர், அம்மையாரின் ஷெட்டைக் காப்பாற்றினீர் என்று சொன்னதும் அரண்டுபோனார். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டேனா என்று கேட்டார்.

பிரசாதத் தொன்னையைக் கையில் வைத்துக்கொண்டே ஷேர் ஆட்டோவில் ஏறினேன். சீருடை அணிந்த பெண்கள் ஆறு பேர் இரவு ஷிப்ட் முடிந்தோ பகல் ஷிப்ட்டுக்கோ, ஏதோ ஒரு பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். வழி நெடுக நான் தனியே சிரித்துக்கொண்டு வந்ததால், ஒருத்தி தன் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். அவளுக்கும் புளியோதரை கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், பையை மட்டும் விடவில்லை.

ஷெட்டில் இருவரும் செவ்வாய்க்கிழமை விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். தவறு என்னுடையது என்று வாசலிலிருந்தே அறிவித்தேன். இவ்வளவு உற்சாகமாகத் தவற்றை ஒப்புக்கொண்டவரை லைனில் தான் பார்த்ததேயில்லை என்றார் அம்மையார். விளக்கினேன். பொறியாளர் காதைச் சொறிந்தார். வரிக்கு வரி பாதையை விட்டுக்கொடுத்தால், அந்த இடைவெளியில் கேமராவிலிருந்து வந்து விழும் படம் சிந்திப்போகாதா என்ற அச்சம் எனக்கும் இருந்தது. அதனால்தானே பிடிவாதமாகப் பிடித்துவைத்தேன்.

“சிந்தாது ஐயா,” என்றார் பொறியாளர். “கேமராவுக்கும் ஒங்க கோருக்கும் நடுவுல ஒரு தொட்டி வச்சிருக்கம்லா. ரெண்டு வரி தாங்கும். நீங்க ஒரு சொட்டு நேரம் வாய மூடினா ஒண்ணும் கொறஞ்சு போவாது.”

ஒரே நாளில் மூன்றாவது முறையாக அதே செய்தி. எம்பெருமான் சொல்ல நினைத்துவிட்டால், பொதுப்பலகைக்காரர், மைத்துனர், திருநெல்வேலிக்காரர் என்று யார் வாயையும் கடன் வாங்குகிறான்.

திருத்தம் மொத்தம் இரண்டு வரி. ஒவ்வொரு பட வரியின் முடிவிலும் ‘பாதை என் வசம்’ கம்பியை, சிப்பின் கடிகாரம் ஒரே ஒரு முறை துடிக்கும் நேரத்துக்கு இறக்கு. பிறகு வேண்டுமானால் மறுபடி கேள். எழுதி முடிக்க இரண்டு நிமிடம். அதைச் சிப்புக்கேற்ற வடிவமாகக் கணினி மாற்றித் தர நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடமும் அம்மையார் ஷெட்டைப் பெருக்கினார். பெருக்கி முடித்த இடத்தையே மறுபடி பெருக்கினார். பொறியாளர் பெட்டியில் கிடந்த நல்ல புஷ்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, மன்னிப்புக் கேட்டு வெளியே எடுத்து வைத்தார்.

பெல்ட் தொழிற்சாலை வேகத்தில் ஓடத் தொடங்கியது. நல்லது, நல்லது, நல்லது, பழுது.

புஸ்.

விழுந்தது பழுது. அடுத்து வந்த நல்ல புஷ் நேராகக் கடந்துபோயிற்று. அடுத்ததும் அப்படியே. பத்தில் பத்து. அப்போதுதான் நான் ஆடினேன். எப்படி ஆடினேன் என்பது எனக்கு நினைவில்லை, படத்தில்தான் இருக்கிறது. அம்மையார் துடைப்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். பொறியாளர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்தார்.

“இன்னொருக்க ஆடுங்க ஐயா. மொத ஆட்டத்துல தல வெட்டுப்பட்டுட்டு.”

இன்னொரு முறையும் ஆடினேன்.

மாலை வீட்டுக்குப் போனதும் பொதுப்பலகையில் மன்னிப்புக் கடிதம் எழுதினேன். இம்முறை இரண்டே பத்தி. அவர்களுடைய கையேட்டில் கம்பிகளை விளக்கும் இடத்தில், வரி முடிந்தால் பாதையை விடுக என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் என்னைப் போன்றவர்களுக்கு உதவும் என்று வேண்டிக்கொண்டு, அந்த வாக்கியத்தையும் எழுதி அனுப்பினேன்.

வியாழக்கிழமை காலை கோஷ்டியில் ஒரு காரியம் செய்தேன். முதல் இரண்டு அடிகளைச் சேவித்தேன், நிறுத்திவிட்டேன்.

சந்நிதியில் அமைதி. எதிர்வரிசை என்னைப் பார்த்தது. நான் எதிர்வரிசையைப் பார்த்தேன். இருபது ஆண்டுகளாக என் குரலின் மேல் ஏறிச் சவாரி செய்தவர்கள். தாமாகத் தொடங்கிப் பழக்கமே இல்லை. மைத்துனர் வாயைத் திறந்தார், மூடினார். அவருக்கு அடுத்திருந்தவர் அவர் தொடையில் தட்டினார். அர்ச்சகர் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். பிறகு மூன்றாம் அடி மெலிதாக, கொஞ்சம் நடுங்கிக்கொண்டு புறப்பட்டது. நான்காம் அடிக்குள் அது நிமிர்ந்துவிட்டது. அந்த இரண்டு அடிகளையும் அத்தனை ஆண்டுகளில் நான் பாடித்தான் இருக்கிறேன், கேட்டதில்லை. கேட்க எவ்வளவு நன்றாக இருந்தன! மைத்துனர் முடித்துவிட்டு என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். என் முறை வந்துவிட்டதை நான் மறந்துபோயிருந்தேன். இரண்டு வரிசைகளும் சிரித்துவிட்டன.

பத்து மணிக்கு வாலாஜாபாத் சாலைத் தொழிற்சாலையில் கருவியை அவர்களுடைய லைனில் பொருத்தினோம். தர அதிகாரி குறைவாகப் பேசுகிறவர். தாமே ஒரு பெட்டி புஷ்களைக் கொண்டுவந்தார். பத்துப் பழுதுகளைக் கலந்திருப்பதாகச் சொன்னார். அவற்றில் தமக்கு மட்டும் தெரியும் ஓர் அடையாளம் இட்டிருப்பதாகவும் சொன்னார். பெல்ட் ஓடியது. அம்மையார் கருவியைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொரு புஸ்ஸுக்கும் உள்ளங்கைக்குள் ஒரு விரலை மடக்கினேன். பத்து விரல்களும் மடங்கின. அப்போது பதினொன்றாவதாக ஒரு புஸ் கேட்டது.

பெல்ட் நின்றது. அதிகாரி பழுது விழும் பெட்டியைக் கவிழ்த்து எண்ணினார். பத்தில் அவருடைய அடையாளம் இருந்தது. பதினொன்றாவதில் இல்லை. அது நல்ல புஷ் என்றார். நல்லதைத் தள்ளும் கருவி எங்களுக்கு வேண்டாம் என்ற அடுத்த வாக்கியம் அவர் சொல்லாமலே எனக்குக் கேட்டது. ஆனால் பதினாறு ஆண்டு லைனில் நின்ற கால்கள் அவருடையவை, அசையவில்லை.

“அளந்து பாத்துட்டு சொல்லுங்க சார்,” என்றார்.

அதிகாரி மைக்ரோமீட்டரைக் கொண்டுவரச் செய்தார். அளந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி அளந்தார். பிறகு அந்தப் புஷ்ஷை அம்மையாரின் உள்ளங்கையில் வைத்தார்.

“ஒரு முடி பெருசா கீதும்மா. இது நான் போட்டதில்ல. எங்க லைன்லருந்தே வந்துகீது.” மைக்ரோமீட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆறு லைனுக்கும் எப்போது தர முடியும் என்று கேட்டார்.

திரும்பும் வழியில் வண்டி ஷெட்டுக்குப் போகவில்லை. வல்லக்கோட்டைக்குத் திரும்பியது. முருகனிடம் வேண்டிக்கொண்டிருப்பதாக அம்மையார் அப்போதுதான் சொன்னார். முருகன் எங்கள் பெருமாளுக்கு மருமகன் முறை; உறவுக்காரர் வீட்டுக்கு வரத் தயக்கமென்ன என்று நானும் இறங்கினேன். தரிசனம் முடிந்து உண்டியலருகில் வந்ததும், அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். பணம் என்று நினைத்தேன். அந்தப் பதினொன்றாவது புஷ்.

எனக்கு உறுத்தியது. பழுதுள்ள பொருளைத் தெய்வத்துக்குக் கொடுப்பது முறையல்ல என்றேன்.

“இது பயுதுதான் சாமி,” என்றார் அவர். “ஆனா எவன் கண்ணுக்கும் தெரியல, என் மெசினுக்குத் தெரிஞ்சிது. முருகனுக்கு நான் குடுக்குறது அதத்தான்.”

நான் உண்டியலை விட்டு ஓரடி விலகி அவருக்கு வழிவிட்டேன்.

அவர் புஷ்ஷை உண்டியலின் வாயில் பிடித்தார். பிடித்தபடியே நின்றார். போடவில்லை. விரல்கள் அதைச் சுற்றி இறுகியிருந்தன. வாய் ஏதோ முணுமுணுத்தது. கண்ணீர் வேறு, சிரிப்பு வேறு. பொறியாளர் என்னைப் பார்த்தார். நான் கோபுரத்தைப் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டுவிட்டது. இடுப்பில் குழந்தையும் கையில் மஞ்சள் துணியில் முடிந்த காசுமாக நின்ற ஒரு பெண் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு அம்மையாரின் தோளை மெல்லத் தொட்டாள்.

“வுடுக்கா. நாங்களும் போடணுமில்ல.”

பொறியாளருக்கும் எனக்கும் ஒரே கணத்தில் சிரிப்பு வெடித்தது. அம்மையார் திரும்பி எங்களைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார், தம் கையைப் பார்த்தார். விட்டார்.